தினமும் ஒரு பத்தி: எழுதி வைக்காதீங்க, வெளியிடுங்க!



ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம். நாலு வருஷம், எட்டு செமஸ்டர். ஒவ்வொரு லேபுக்கும் ஒரு அப்சர்வேஷன் நோட்டு, ஒரு ரெக்கார்டு. அதுக்கு மேல அசைன்மென்ட், மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கடைசியில ஃபைனல் இயர் ரிப்போர்ட். "எனக்கு எழுதவே வராதுப்பா"ன்னு சொல்றவங்ககூட படிப்பு முடியறதுக்குள்ள பல நூறு பக்கம் எழுதியிருப்பாங்க. அதையெல்லாம் யார் படிச்சாங்க? லேப் இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டார். எக்ஸ்டர்னல் நாலு பக்கம் புரட்டினார். அப்புறம் நேரா பழைய பேப்பர் கடைதான்.

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழியில படிச்சிட்டு வந்த ஒரு முதலாண்டு மாணவி, நாளைக்கு லேப்ல தன்னோட சர்க்யூட் ஏன் வேலை செய்யலன்னு தெரியாம, ராத்திரி ஃபோனை எடுத்துத் தமிழ்ல தேடுறாங்க. கிடைப்பது ரொம்பக் கொஞ்சம். அவங்களுக்குத் தேவையான அந்தப் பத்து வரி விளக்கத்தை எழுதத் தகுதியான ஆள் யார்? பேராசிரியர் எழுதலாம், ஆனால் அவருக்கு அது எப்போதோ பழகிப்போன விஷயம். போன வருஷம் அதே லேப்ல முழிச்சு, அப்புறம் புரிஞ்சுக்கிட்ட நீங்கதான் சரியான ஆள். எங்கே புரியாமல் போனதுன்னு உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனால் அந்த ஞாபகம் ரொம்ப நாள் நிற்காது. புரிஞ்ச விஷயம் "இதுகூடத் தெரியாதா" ஆகிவிடும். அதுக்கு முன்னாடி எழுதிடணும். அதனாலதான் தினமும்.

தினமும் கொஞ்சம் எழுதி, அன்றைக்கே இணையத்தில் வெளியிடும் பழக்கத்தை எப்படி உருவாக்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை. மோட்டிவேஷன் ஸ்பீச் கிடையாது, பயப்படாதீங்க. செய்முறை மட்டும்.

ஹீட்டர் ராடும் கீசரும்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது உடனே புரியும். பக்கெட்டில் போடுற ஹீட்டர் ராடுக்குத் தண்ணி எவ்வளவு சூடாச்சுன்னு தெரியாது. சுவிட்சை அணைக்கிற வரைக்கும் அது பாட்டுக்குக் காய்ச்சிக்கிட்டே இருக்கும். இது ஓப்பன் லூப். கீசர் அப்படியில்லை. உள்ளே இருக்கிற தெர்மோஸ்டாட் சூட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கும், போதும்னா நிறுத்தும். இது குளோஸ்டு லூப்.

யாருக்கும் காட்டாமல் எழுதி வைப்பது ஹீட்டர் ராடு மாதிரி. எழுதுறீங்க, ஆனால் அது போய்ச் சேர்ந்ததா இல்லையான்னு தெரியாது. வெளியிட்டுட்டா லூப் மூடிக்கும். "மூணாவது வரி புரியல மச்சான்"னு ஒருத்தன் சொல்வான். "இந்த யூனிட் தப்பு அக்கா"ன்னு ஒரு ஜூனியர் எழுதுவா. அடுத்த நாள் எழுத்து அதற்கேற்ப மாறும். யாருமே ஒண்ணும் சொல்லலன்னாலும், "நாலு பேர் பார்ப்பாங்க"ங்கிற நினைப்பே ஒரு முறை திரும்பப் படிக்க வைக்கும், சந்தேகமான மதிப்பைச் சரிபார்க்க வைக்கும்.

அந்தரங்கமாக நாட்குறிப்பு எழுதுவது வீண் என்று சொல்லவில்லை. தமிழில் தினசரி எழுத்துக்குப் பெரிய உதாரணமே ஒரு நாட்குறிப்புதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியது. துறைமுகத்தில் வந்த கப்பல், கவர்னர் துய்ப்ளே சொன்னது, ஊர் வம்பு எல்லாம் அதில் உண்டு. அந்தக் காலத்துத் தென்னிந்தியாவைத் தெரிந்துகொள்ள இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால் அந்த நாட்குறிப்பு வெளியுலகின் கண்ணில் பட்டது 1846-ல். அதாவது அவர் இறந்து 85 வருஷம் கழித்து. நமக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

21 நாள் கதையை மறந்துடுங்க

"எதையும் 21 நாள் தொடர்ந்து செஞ்சா பழக்கமாயிடும்"னு கேள்விப்பட்டிருப்பீங்க. இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் ஒரு புத்தகம் எழுதினார். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக, குறைந்தபட்சம் சுமார் 21 நாள் ஆவதைப் பார்த்ததாக அதில் சொன்னார். கைமாறிக் கைமாறி அந்தக் "குறைந்தபட்சம்" காணாமல் போச்சு. "முகம்" போய் "எல்லாப் பழக்கமும்" ஆச்சு.

இதை ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி தலைமையிலான குழு. அவர்கள் ஆய்வு 2009-ல் வெளியானது. 96 பேர், 12 வாரம். ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்தார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, கொஞ்சம் உடற்பயிற்சி, இந்த மாதிரி. யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர சிலருக்கு 18 நாள் ஆச்சு. சிலருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. நடுவில் நிற்கிற எண் 66.

இதில் நமக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, 66 நாள் என்பது ஒரு செமஸ்டருக்குள்ளே அடங்கும். எழுத்து என்பது தண்ணி குடிக்கிறதைவிடக் கஷ்டமான வேலை, அதனால ஒரு முழு செமஸ்டர்னே வெச்சுக்குவோம். இருபத்திரண்டாவது நாளும் சோம்பலா இருந்தா "நம்மால ஆகாது"ன்னு முடிவு கட்டிடாதீங்க. இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. இதற்கு அப்புறம் வர்றேன்.

ஏற்கெனவே செஞ்சு காட்டினவங்க

ஜான் ரெசிக் என்ற பெயர் கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்குத் தெரிந்திருக்கும். ஜேகுவெரியை 2006-ல் உருவாக்கியவர். தன் சொந்த ப்ராஜெக்ட்டுகளை வார இறுதிகளில் மட்டும் செய்து பார்த்தார், வேலை நகரவில்லை. அதனால் தினமும் கோடு எழுதுவது என்று முடிவெடுத்து, 2014-ல் தன் விதிகளை வெளியிட்டார். தினமும் எழுதணும். உருப்படியான கோடா இருக்கணும். நள்ளிரவுக்குள் முடிக்கணும். கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஏத்தணும். அந்தக் கடைசி விதியைக் கவனிங்க. கோடை எழுதிவிட்டு லேப்டாப்பிலேயே வெச்சிருந்தா அது கணக்கில் வராது.

விக்கிப்பீடியாவில் இதற்கு ஒரு விளையாட்டே இருக்கிறது. 2015 ஜனவரியில் பல்கேரிய விக்கிப்பீடியர் ஒருவர் தொடங்கியது. நூறு நாள், நாளுக்கு ஒரு புதுக் கட்டுரை. அதைப் பார்த்து வேறு வேறு மொழிக்காரர்களும் இறங்கினார்கள். பரிசு எதுவும் கிடையாது, ஆனால் முடிக்கும்போது அந்த மொழியில் நூறு கட்டுரை கூடியிருக்கும்.

நம்ம மொழியிலேயே இன்னொன்று. மகாபாரதத்தை நாவலாக எழுதத் தொடங்கிய ஜெயமோகன், 'வெண்முரசு' வரிசையை 2014 ஜனவரி 1 முதல் நாளுக்கொரு அத்தியாயமாக இணையத்தில் வெளியிட ஆரம்பித்தார். 2020 ஜூலையில் முடிந்தபோது மொத்தம் 26 நாவல்கள். ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விட்டுக்கொண்டார். காலையில் வாசகர் காத்திருப்பார் என்பதே ஒரு டெட்லைன். அந்த அளவு நமக்கு வேண்டாம். அந்த முறை போதும்: சின்னத் துண்டு, தினமும், வெளியே.

சரி, எப்படித் தொடங்குறது?

முதல்ல நேரம் குறிக்காதீங்க, ஒரு கொக்கி மாட்டுங்க. "தினமும் எழுதணும்" என்பது ஆசை. "ராத்திரி மெஸ்ல சாப்பிட்டு ரூமுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும் எழுதுவேன்" என்பது திட்டம். இப்படி "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டால், நினைத்ததைச் செய்து முடிப்பது அதிகமாகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரையில் காட்டினார். ஹாஸ்டல்வாசிகளுக்கு மெஸ். டே ஸ்காலர் என்றால் காலேஜ் பஸ்ஸில் சீட் கிடைத்ததும். ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு விஷயத்தில் மாட்டினால்தான் இந்தக் கொக்கி நிற்கும்.

அடுத்து அளவு. ஆந்தனி ட்ரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் 19-ஆம் நூற்றாண்டில் தபால் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். காபியோடு எழுப்பிவிட ஒரு பணியாளருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்கு வைத்துக்கொண்டார். மொத்தம் 47 நாவல்கள். அவருடைய கால் மணி நேரத்தை மட்டும் நாம எடுத்துக்குவோம். தமிழில் அறுபது, எழுபது சொல் போதும். ஒரே ஒரு பத்தி. "இவ்வளவுதானா"ன்னு சிரிக்கிற அளவுக்குச் சின்னதா இருக்கணும். அப்போதான் இன்டர்னல்ஸ் வாரத்திலும் அது பிழைக்கும்.

எதை எழுத? இதுக்குத்தான் எல்லாரும் மாட்டிக்குவாங்க. ஐந்து வகை சொல்றேன், சுத்தி சுத்தி வாங்க:

1. இன்றைக்குப் புரிந்த ஒரு விஷயம்.
2. இன்றைக்கு வேலை செய்யாமல் போன ஒன்று, அதைச் சரிசெய்த விதம்.
3. ஒரு கலைச்சொல்லுக்கு எளிய தமிழ் விளக்கம்.
4. விடை தெரியாத ஒரு கேள்வி. யாராவது சொல்வாங்க.
5. வெளியே பார்த்த ஒரு பொறியியல் விஷயம்: பஸ் கதவின் நியூமேட்டிக், மெஸ் பிரஷர் குக்கரின் வால்வு, லிஃப்ட்டின் எதிர் எடை.

"ஒரு பத்தியில என்ன பெருசா சொல்லிட முடியும்?"னு கேட்டா, இதோ ஒரு மாதிரி:

"பிரெட்போர்டில் எல்.இ.டி.யை நேரா 5 வோல்ட்டில் கொடுத்தால் ஏன் போய்விடுகிறது? சிவப்பு எல்.இ.டி. தனக்கென்று சுமார் 2 வோல்ட்தான் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை வாங்கிக்கொள்ள வழியில் யாரும் இல்லையென்றால் கரன்ட் எகிறிவிடும். அதனால் நடுவில் ஒரு ரெசிஸ்டர். 15 மில்லி ஆம்பியர் போதும் என்று வைத்தால், 3-ஐ 0.015-ஆல் வகுக்க வேண்டும்: 200 ஓம். கடையில் சுலபமாகக் கிடைப்பது 220 ஓம். அதைப் போட்டால் கரன்ட் 13.6 மில்லி ஆம்பியர், எல்.இ.டி. பத்திரம்."

அவ்வளவுதான், முடிஞ்சது. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. தலைப்பு மட்டும் "எல்.இ.டி.க்கு ஏன் ரெசிஸ்டர்?" என்று தேடுகிறவர் தட்டுகிற சொல்லாகவே வையுங்க. "ஒளியின் பயணம்"னு கவித்துவமா வெச்சா அந்த முதலாண்டு மாணவிக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

கடைசியா ஒரு பஃபர். உற்சாகமா இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மூன்று பத்தி கூடுதலா எழுதி வெச்சுக்கோங்க. மாடல் எக்ஸாம் வாரத்தில் அதிலிருந்து ஒவ்வொன்றாக வெளியிடலாம். தண்ணித் தொட்டி மாதிரிதான்: மோட்டார் எப்போதாவது ஓடும், குழாயில் எப்போதும் தண்ணி வரும். ஆனால் மூன்றுக்கு மேல் சேர்க்காதீங்க. அதிகம் சேர்ந்தா "நாளைக்குப் பார்த்துக்கலாம்" வந்துடும்.

எங்கே வெளியிடுறது?

எங்கே வேண்டுமானாலும், இரண்டு நிபந்தனையோடு. முதலாவது, தேடினால் கிடைக்கணும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைஞ்சிடும். படமாகச் செய்து போட்ட எழுத்தைத் தேடுபொறி கண்டுபிடிப்பது கஷ்டம். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டினாலும் அதே கதிதான். யூனிகோடில், எழுத்தாகவே, பொதுவில் திறக்கிற பக்கத்தில் போடுங்க. தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை கற்றுக்கொள்ளலாம். சில நாள் தடுமாறும், அப்புறம் வேகம் பிடிக்கும். அதுவரைக்கும் ஃபோனில் பேசியே தட்டச்சு செய்யலாம், பிழை திருத்த மட்டும் மறக்காதீங்க.

இரண்டாவது, மூலப்பிரதி உங்ககிட்ட இருக்கணும். ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது, ஆர்குட் 2014-ல், கூகுள் பிளஸ் 2019-ல். அங்கே மட்டும் எழுதி வைத்திருந்தவர்களின் பக்கங்கள் அதோடு போச்சு. ஒவ்வொரு பத்தியையும் தேதியைப் பெயராக வைத்து ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிங்க. கிட் தெரிந்தவர்கள் ஒரு ரெப்போவில் போட்டு, கிட்ஹப் பேஜஸ் மூலமா இலவசமாகவே வெளியிடலாம். எப்போது என்ன திருத்தினீங்க என்கிற வரலாறும் அதில் கூடவே இருக்கும்.

எதை வெளியிடக் கூடாது என்பதையும் சொல்லிடுறேன். ரூம்மேட் நம்பிச் சொன்ன விஷயம், யாருடைய ஃபோன் நம்பரும், இன்டர்ன்ஷிப் கம்பெனியின் உள் விவகாரம், கோபத்தில் ஒரு ஸ்டாஃப் பெயர், இது நாலும் வேண்டாம். இணையத்தில் போட்டதைத் திரும்ப எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இன்னொன்று, ஏ.ஐ.யிடம் கேட்டு அப்படியே ஒட்டுவது. அதில் பக்கம் நிறையும், பழக்கம் வராது. உங்களுக்கு எங்கே புரியாமல் போனது என்பது அதற்குத் தெரியாது. இந்த எழுத்தின் மதிப்பே அங்கேதான் இருக்கு.

தப்பு வந்துட்டா? வரும். பொதுவில் வந்த தப்பைப் பொதுவிலேயே திருத்துங்க: "திருத்தம்" என்று தேதியோடு ஒரு வரி. படிக்கிறவருக்கு அதனால் நம்பிக்கை கூடும்.

கெயினைக் குறைங்க

குளோஸ்டு லூப்பில் ஒரு ஆபத்து உண்டு. ஃபீட்பேக்குக்கு அளவுக்கு மீறி வினையாற்றினால் சிஸ்டம் ஆட ஆரம்பிக்கும். கெயின் அதிகமானால் ஆசிலேஷன், சிலபஸில் படிச்சதுதானே! எழுத்திலும் அப்படித்தான். ஒரு நாள் நாற்பது லைக் வந்தா "நாமதான் ராஜா", அடுத்த நாள் இரண்டு லைக் வந்தா "இனி எழுதவே கூடாது". இந்த ஆட்டத்தில் நின்னு போன பழக்கங்கள் எத்தனையோ.

அதனால் இரண்டையும் பிரிச்சு வையுங்க. "இது புரியல", "இது தப்பு" என்று வருகிற பதில்களை அன்றைக்கே கவனிங்க, அது சிக்னல். பார்வை எண்ணிக்கை, லைக் எல்லாம் நாய்ஸ். மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். அப்போதுகூட எது அதிகம் ஓடியதுன்னு பார்க்காமல், எந்தப் பத்திக்கு யாராவது சந்தேகம் கேட்டாங்கன்னு பாருங்க. அது படிக்கப்பட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

தொடர் நாட்களை எண்ணுவதும் அப்படித்தான். ஆரம்பத்தில் காலண்டரில் டிக் போடுவது உதவும். ஆனால் எண்ணிக்கையைக் காப்பாற்றுவதே வேலையாகிவிட்டால், நள்ளிரவு 11.58-க்கு எதையோ கிறுக்கிப் போட ஆரம்பிப்போம். கிட்ஹப் தன் ப்ரொஃபைல் பக்கத்தில் காட்டிக்கொண்டிருந்த "இத்தனை நாள் தொடர்ச்சி" என்ற எண்ணிக்கையை 2016-ல் எடுத்தே விட்டது. பச்சைக் கட்டங்கள் மட்டும் இருக்கின்றன.

விட்ட நாளுக்கு அரியர் கிடையாது

காய்ச்சல் வரும். ஊருக்குப் போவீங்க. சிம்போசியம் வேலையில் தூங்கவே நேரம் இருக்காது. ஒரு நாள் விட்டுப்போகும், நிச்சயமா. அன்றைக்கு என்ன செய்றீங்க என்பதைவிட, மறுநாள் என்ன செய்றீங்க என்பதுதான் கணக்கு.

பலர் செய்வது இது: விட்ட ஒரு நாளுக்குச் சேர்த்து மறுநாள் இரண்டு எழுதணும்னு நினைப்பாங்க. அதுவும் முடியாது. மூணாவது நாள் மூன்று பாக்கி. ஒரு வாரத்தில் ஏழு பாக்கி. அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூச்சமாயிடும். அரியர் வெச்சவங்களுக்கு இந்த உணர்வு நல்லாத் தெரியும். ஆனால் இங்கே பல்கலைக்கழகம் இல்லை, தேர்வுக் கட்டணம் இல்லை, அரியரும் இல்லை. விட்ட நாள் விட்டதுதான். லாலியின் ஆய்வில் ஒரு நாள் விட்டவர்களுக்கும் பழக்கம் வந்தது. இன்றைய பத்தியை மட்டும் எழுதுங்க. மன்னிப்பு அறிக்கைகூட வேண்டாம், "நண்பர்களே, சில நாட்களாக எழுத முடியவில்லை"ன்னு தொடங்காதீங்க. நேரா விஷயத்துக்கு வாங்க.

ரொம்பக் களைப்பான நாளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவும் வெச்சுக்கோங்க: இரண்டே வரி. "இன்றைக்குப் புரிந்தது இது. இன்னும் புரியாதது இது." போட்டுட்டுப் படுத்துக்கலாம்.

ஒரு செமஸ்டருக்கு நாளுக்கொரு பத்தி எழுதினால், விட்ட நாட்களைக் கழித்தாலும் எழுபது, எண்பது பத்தி தேறும். அதில் பாதி சுமார், கொஞ்சம் மோசம். ஒரு பத்து நிச்சயம் உருப்படியா இருக்கும். ப்ளேஸ்மென்ட் நேர்காணலில் "உங்களுக்கு என்ன தெரியும்?"னு கேட்கும்போது காட்டலாம், அது ஒரு பக்கம். அடுத்த ஜூலையில் ஒரு ஜூனியர் ராத்திரி பதினோரு மணிக்குத் தமிழ்ல தேடும்போது அதில் ஒன்று மேலே வரணும். அதுக்குத்தான் இவ்வளவும்.

இன்றைக்கு லேப்ல, கிளாஸ்ல, இல்லை பஸ்ல என்ன புரிஞ்சது? சாப்பிட்டு வந்து பதினஞ்சு நிமிஷம் உட்காருங்க. எழுதினதை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. பட்டனை அழுத்திட்டுத் தூங்கப் போங்க. நாளைக்கு அடுத்தது.